சர்க்கரை நோய்க்கு உடற்பயிற்சி: எந்த வகை, எவ்வளவு, எப்போது? ஆய்வுகளின் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

"மாத்திரையை விடாமப் போடுங்க, வாக்கிங் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க." இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அநேகமாக எல்லோருமே கேட்டிருக்கும் வாசகம் இது. இதில் மாத்திரைக்குப் பெயர் உண்டு, மில்லிகிராம் உண்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதும் உண்டு. வாக்கிங்குக்கு மட்டும் எதுவும் கிடையாது. எவ்வளவு நேரம், என்ன வேகம், எந்த வேளையில், நடை மட்டும் போதுமா? இவையெல்லாம் நோயாளியின் யூகத்துக்கு விடப்படுகின்றன.

ஆய்வுகளைப் படித்தால் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது தெரியும். 2011-இல் பிரேசில் ஆய்வாளர்கள் 47 ஆய்வுகளைத் தொகுத்து, சுமார் 8,500 நோயாளிகளின் விவரங்களை அலசினார்கள். திட்டமிட்டு, மேற்பார்வையுடன் பயிற்சி செய்தவர்களுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) சராசரியாக 0.67 புள்ளி குறைந்தது. வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு மேல் செய்தவர்களுக்கு 0.89 புள்ளியும், அதற்குக் குறைவாகச் செய்தவர்களுக்கு 0.36 புள்ளியும் இறங்கின. சில மாத்திரைகள் தரும் பலனுக்கு இது ஈடு. ஆனால் உணவு மாற்றம் எதுவும் இல்லாமல் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று வாய்வார்த்தையாக மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கு எச்பிஏ1சி குறையவில்லை.

ஆகவே கீழே உள்ளதை ஓர் அறிவுரையாக அல்லாமல், அளவு குறித்த சீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கானது. முதல் வகையில் இன்சுலின் கணக்கு வேறு மாதிரி. கர்ப்ப காலச் சர்க்கரைக்கும் தனிக் கவனம் வேண்டும்.

முதலில், எதை எதிர்பார்க்கலாம்?

இந்தத் துறையின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு மாற்றமும் நடையும், இன்னொன்றுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு வழக்கமான ஆலோசனை மட்டும். உட்கார்ந்த வேலை செய்பவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 30 நிமிடம் வேக நடை சொல்லப்பட்டது. மூன்றே ஆண்டுக்குள் நான்காம் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு, நடைக் குழுவில் 39.3 சதவீதம், மாத்திரைக் குழுவில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். அந்த உணவு, நடைக் குழுவினருக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. இருந்தும் நோய் தள்ளிப்போனது. ஒரு மாதம் நடந்துவிட்டு எடை மெஷினில் ஏறி, முள் அசையவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: 531 பேரில் பெண்கள் 110 பேர்தான்.

எடை குறையாமல் சர்க்கரை எப்படிக் குறைகிறது? சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பகுதி தசைக்குத்தான் போகிறது. தசையின் செல்லுக்குள் அதை ஏற்றிச் செல்லும் குளுட்-4 என்ற புரதம், சாதாரணமாக இன்சுலின் உத்தரவு கொடுத்தால்தான் செல்லின் மேற்பரப்புக்கு வரும். இரண்டாம் வகை நோயில் அந்த உத்தரவு சரியாக எடுபடுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே அந்தப் புரதம் மேலே வந்துவிடுகிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை தசை இன்சுலினுக்குக் கொஞ்சம் நன்றாகவே செவிசாய்க்கும். பிறகு பழைய நிலை. "தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்" என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் இரண்டு மணி நேரம் நடப்பது மனதுக்கு நல்லது, சர்க்கரைக்குப் போதாது.

பயிற்சி எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 'லுக் அஹெட்' என்ற ஆய்வில் 5,145 சர்க்கரை நோயாளிகளைக் கிட்டத்தட்ட 10 ஆண்டு கண்காணித்தார்கள். எடைக்குறைப்பும் பயிற்சியும் சேர்ந்த குழுவில் எச்பிஏ1சி, உடல் திறன், தூக்கம் எல்லாம் மேம்பட்டன; மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதனால் 2012-இல் அந்தப் பயிற்சித் திட்டத்தையே நிறுத்தினார்கள். பயிற்சி செய்கிறோமே என்று கொழுப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்துவது ஆபத்து.

படி 1: தொடங்குமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்

மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயிற்சியால் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால் லோ சுகர் வர வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் இவை கூட்டு மாத்திரைக்குள் இருக்கும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படியுங்கள், அல்லது மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நடக்கப் போகுமுன் தொடையில் குத்த வேண்டாம். உழைக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் உறிஞ்சப்படும். வயிற்றில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது இதயம். சாதாரண நடைக்கு எல்லோரும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாடி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது, வழக்கத்துக்கு மீறி மூச்சு வாங்குகிறது, தாடையிலோ இடது கையிலோ வலி வருகிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போவதால் மாரடைப்புகூட வலியில்லாமல் வரலாம். காரணமில்லாத திடீர்க் களைப்பையும் வியர்வையையும் அலட்சியம் செய்யக் கூடாது.

கண்ணில் விழித்திரைப் பாதிப்பு முற்றியிருந்தாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோ மூச்சைப் பிடித்து எடை தூக்குவது, குதிப்பது, சிரசாசனம் போலத் தலைகீழாக நிற்பது எல்லாம் கூடாது. நடை பொதுவாகப் பிரச்சினையில்லை. எப்போது என்ன தொடங்கலாம் என்பதைக் கண் மருத்துவர் சொல்லட்டும்.

கால்தான் நம் ஊரில் பெரிய விஷயம். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறீர்களா? பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கிறதா? அப்படியென்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் பூங்காக்களில் போட்டிருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. "அக்குபிரஷர் நல்லது" என்று பக்கத்தில் நடப்பவர் சொல்வார். அவருக்கு நல்லதாக இருக்கலாம். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல் தரையும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்கால் கிரிவலமும் இதே பட்டியலில்தான் வரும். கொப்புளம் வந்தது மறுநாள் காலுறையில் கறை பார்க்கும்போதுதான் தெரியும். முன்பக்கம் அகலமான ஷூ, பருத்திக் காலுறை, அல்லது மருத்துவமனைகளில் செய்து தரும் எம்சிஆர் (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு. நடந்து வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லலாம். புண் இருக்கும்போது நடைப்பயிற்சி வேண்டாம். அந்த நாட்களில் உட்கார்ந்தபடி கைக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

படி 2: முதல் இரண்டு வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம்

காலை ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்துத் தொடங்குவதுதான் வழக்கம். நான் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கச் சொல்வேன். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 41 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரே நபர்கள் சில நாள் இஷ்டப்பட்ட நேரத்தில் 30 நிமிடம் நடந்தார்கள். வேறு சில நாள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தார்கள். மொத்த நிமிடங்கள் ஒன்றே. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் நடந்த நாட்களில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டு, பிறகு அப்படியே உட்கார்ந்துவிடும் வேளை அதுதான் என்பது காரணம். ஒன்பது மணிக்கு நான்கு தோசை, அப்புறம் டிவி, அப்புறம் படுக்கை என்ற நம் வீட்டு வழக்கத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது.

சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள். தெருவில் நாய்த் தொல்லை, இருட்டு என்றால் மொட்டை மாடி போதும். ஹாலிலேயே நடந்தாலும் தசைக்குத் தெரியப்போவதில்லை. இந்த இரண்டு வாரமும் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நடப்பது சிலருக்கு வலியைத் தூண்டும். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

படி 3: மூன்றாம் வாரத்திலிருந்து அளவையும் வேகத்தையும் கூட்டுங்கள்

காலைச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு 10 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாளின் மொத்தம் 30 நிமிடம் வரட்டும். எட்டாம் வாரத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கு எட்டப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் 150 முதல் 300 நிமிடம் என்று இருக்கிறது. 150 என்பது தொடக்கக் கோடு.

வேகம் எப்படித் தெரியும்? நடந்தபடி பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதவில்லை. நாலு வார்த்தை சேர்ந்து பேச முடியவில்லை என்றால் அதிகம். எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நிமிடத்துக்கு 100 காலடி என்பது மிதமான வேகத்தின் தோராய அளவு. கையில் கட்டும் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை, அட்டனலால், மெட்டோபுரலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் நம்ப வேண்டாம். அந்த மருந்துகள் துடிப்பைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும்.

"நான் காலையிலிருந்து வீட்டு வேலைதானே செய்றேன், தனியா எதுக்கு?" பெண்கள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. பதில், மூச்சு வாங்குகிறதா என்பதில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் சுமப்பதும், கையால் துணி துவைப்பதும், தரையை அழுத்தித் துடைப்பதும் கணக்கில் சேரும். அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது களைப்பைத் தரும். இதயத்துக்கும் தசைக்கும் பயிற்சியாகாது. அந்தக் களைப்புக்கு மேல் இன்னொரு வேலையாக நடையைச் சுமத்துவதைவிட, வீட்டில் உள்ள மற்றவர்கள் இரவுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு அந்த 10 நிமிடத்தை விட்டுக்கொடுப்பது நடைமுறைக்கு உகந்தது.

எட்டு வடிவப் பாதையில் நடப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இடம் குறைவாக இருப்பவர்களுக்கு வசதிதான், செய்யலாம். ஆனால் திரும்பத் திரும்ப வளைவதால் வேகம் குறையும். பேச்சு, பாட்டு சோதனையை அங்கும் செய்து பாருங்கள்.

காலை வெறும் வயிற்றில் வேகமாக ஓடிவிட்டு வந்து பார்த்தால் சர்க்கரை ஏறியிருப்பதும் உண்டு. கடும் முயற்சியின்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே தள்ளும். பயப்பட வேண்டாம், சற்று நேரத்தில் இறங்கிவிடும். பூங்கா வாசலில் விற்கும் பழச்சாற்றால் ஏறியது அந்தக் கணக்கில் வராது!

படி 4: வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி

நம் ஊரில் பெரும்பாலானோர் தவறவிடும் பகுதி இது. அமெரிக்காவின் லூசியானாவில் 262 நோயாளிகளிடம் ஒன்பது மாதம் நடந்து, 2010-இல் வெளியான ஆய்வில் ஒரு குழு நடை மட்டும், ஒரு குழு எடைப் பயிற்சி மட்டும், ஒரு குழு இரண்டும் செய்தது. செலவான மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது, இரண்டையும் கலந்து செய்த குழுவில் மட்டுமே எச்பிஏ1சி குறிப்பிடும்படி இறங்கியது. கனடாவில் 251 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வும் கலந்து செய்வதே மேல் என்றது. தெற்காசியர்களுக்கு அதே எடையுள்ள ஐரோப்பியர்களைவிடத் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது நமக்கு இன்னும் அவசியம்.

ஜிம் தேவையில்லை. மூன்றாம் வாரத்தில் தொடங்கலாம். அடுத்தடுத்த நாளில் செய்யாமல் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். உதாரணத்துக்கு செவ்வாய், வெள்ளி.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. முட்டிவலி இருந்தால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வேகமாகத் தொப்பென்று உட்காருவதில் பாதிப் பலன் போய்விடும். இறங்கும்போது மூன்று எண்ணுங்கள். அடுத்தது சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, கைகளை ஊன்றி, மார்பைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்த் திரும்புவது. சுலபமானதும் சமையல் மேடைக்கு மாறலாம். முதுகுக்கு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடுப்புவரை இழுப்பது. கெண்டைக்காலுக்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. கடைசியாகப் பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மேலே தூக்குவது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை. அதை இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். 12 தடவை அலட்டலில்லாமல் வருகிறது என்றால் பாட்டிலை மாற்றுங்கள், நாற்காலியைத் தாழ்த்துங்கள். இந்தக் கூட்டல் இல்லாமல் ஆறு மாதமும் அதே பாட்டிலைத் தூக்கினால் தசை வளராது. மூச்சை அடக்காமல் இருக்க வாய்விட்டு எண்ணுவது நல்ல உபாயம்.

படி 5: உட்காரும் நேரத்தை உடையுங்கள்

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவதை ஆய்வுக்கூடப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. கடையில் கல்லாவில் உட்காருபவர்கள், தையல் மெஷினில் இருப்பவர்கள், ஐடி ஊழியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள்: உங்களுக்குத்தான் இது. போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள்.

படி 6: லோ சுகரைக் கையாளுங்கள்

படி 1-இல் சொன்ன, லோ சுகர் தரக்கூடிய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் கிளம்புமுன் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழ் இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250-க்கு மேல் இருந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, தீராத தாகம் என்றால் அது நடக்கும் நாளல்ல, மருத்துவரிடம் போகும் நாள். 

கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், திடீர்க் கோபம் எதுவானாலும் உடனே நின்றுவிடுங்கள். 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் இதற்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். அட்டனலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். மாலையில் வழக்கத்தைவிட அதிகம் உழைத்திருந்தால் நள்ளிரவில்கூட இறங்கும் என்பதால், அன்று படுக்கும்முன் ஒருமுறை பார்ப்பது நல்லது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட், கூடவே பெயரும் மருந்து விவரமும் எழுதிய அட்டை.

படி 7: அளந்து பாருங்கள்

வாரம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஒரு வாரம் நடந்த நாளில், அடுத்த வாரம் நடக்காத நாளில், முடிந்தவரை அதே உணவோடு. ஸ்ட்ரிப் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் இது போதும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் உங்களை நடக்கச் சொல்ல வேண்டியிருக்காது. எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான். அதோடு நாற்காலியில் 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்பதையும் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எடையைவிட நேர்மையான அளவுகோல் அது.

மேற்பார்வைதான் பயிற்சியின் பலனைத் தீர்மானிக்கிறது என்பது சர்க்கரையோடு நிற்கவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. ஒரு குழுவுக்குப் பயிற்சியாளரோடு மூன்றாண்டுத் திட்டம்; மற்றக் குழுவுக்கு உடல்நலக் கையேடு. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் முதல் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம். நமக்குப் பயிற்சியாளர் கிடைப்பது கடினம்தான். கூட நடக்க ஒரு ஆள், கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தால்கூடப் பரவாயில்லை. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் முட்டிக்கும் தோளுக்கும் ஏற்ற பயிற்சி எது என்று கேளுங்கள்.

மூன்று மாத எண்கள் நன்றாக இறங்கியிருந்தால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள். குறைக்க வேண்டியது பெரும்பாலும் லோ சுகர் தரும் மாத்திரையாக அல்லது இன்சுலின் அளவாக இருக்கும். அந்த முடிவு அவருடையது. பிறகு காய்ச்சலோ, ஊர்ப்பயணமோ, கல்யாணமோ வந்து ஒரு வாரம் பயிற்சி நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள். மாத்திரை குறைக்கப்பட்டவர்கள் அந்த வாரம் முழுக்க விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். பயிற்சியின் பலன் வடிய இரண்டு மூன்று நாள் போதும். குறைத்த மாத்திரை அதை ஈடுகட்டாது.